கேட்காமல் வந்த பில்

லிவோர்னோ
16 மே 1994

மொரேனோ,

நீ வியரெஜ்ஜோவில் இருக்கிறாய் என்று டோஸ்கா போன் செய்து சொன்னாள். "உன் தம்பி பெட்டியோட வந்து நிக்கிறான். ஓட்டல்ல ஏதாவது வேலை குடுங்கிறான். என்னடி சண்டை உங்களுக்குள்ள?" என்றாள். சித்தப்பா மகளிடம் சொல்லி அழும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. அவனையே கேள் என்று போனை வைத்துவிட்டேன்.

நீ எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். நேற்று சாயங்காலம் நடந்தது அதுதான். காகிதத்தில் கத்தினால் உன்னால் குறுக்கே பேச முடியாதல்லவா? அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எங்கே பிசகியது என்று எனக்கே புரியும். நேற்று ஞாயிறு மதியம். துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றதால் நம் சாப்பாட்டுக் கடையில் நிற்க இடமில்லை. நாலாம் மேசையில் இவானோ. பியோம்பினோவில் எல்பா தீவுப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிற மனுஷர், மனைவியை இழந்தவர், இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்து அதே நாற்காலியில் உட்கார்கிறவர். மட்டி போட்ட ஸ்பகெட்டியை நானே கொண்டுபோய் வைத்தேன். அப்போதுதான் கேட்டார், "லோரியானா, என்னைக் கட்டிக்கிறியா?" என்று. ஐம்பத்தொரு வயசுக்காரியிடம், ஏப்ரன் முழுக்க மீன் செதிலோடு நிற்கிறவளிடம்! நான் சிரித்துவிட்டேன். "மொதல்ல சாப்பிடுங்க. பதில காபியோட நானே கொண்டு வர்றேன்" என்றேன்.

பிறகு நீ சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "நாலாம் மேசைக்கு பில்லு" என்றாய். அடுப்பில் எட்டுப் பேருக்குக் கச்சுக்கோ மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எந்த மேசை என்றுகூட மனசில் ஏறாமல் எழுதி நீட்டிவிட்டேன். கூட்டம் சற்று ஓய்ந்ததும் கையைக் கழுவினேன், ஏப்ரனைக் கழற்றினேன், தலையை வாரினேன், காபியை நானே போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாற்காலி காலி. இரண்டாவதாக வைத்த தட்டில் மீன் பாதி கிடந்தது. கண்ணாடித் தம்ளருக்கு அடியில் பணம்.

கேட்பது ஒன்றுதான். இவானோ பில் கேட்டாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

லோரியானா


வியரெஜ்ஜோ
20 மே

அக்கா,

ஒரே வார்த்தையில் எழுதச் சொல்கிறாய். கடையில் நின்று பார், ஒரே வார்த்தையில் சொல்ல முடிகிறதா என்று. அன்றைக்கு அந்தக் கப்பல் கூட்டம் என்னைச் சுற்றி நின்று கேட்ட கேள்விகள் உனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டிருக்காது. ரொட்டியில் ஏன் உப்பு இல்லை? ரொட்டிக்கு வெண்ணெய் எங்கே? உட்கார்ந்ததற்கெல்லாம் ஒரு கட்டணமா? ஸ்பகெட்டியும் மீனும் ஒரே தட்டில் ஏன் வராது? ஒரு அம்மாள் நகரை மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் கப்புச்சினோ கேட்டாள், அக்கா. மீனுக்குப் பால்! அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் புருஷன் மட்டி ஸ்பகெட்டிக்குத் துருவிய சீஸ் கேட்டான். மட்டிக்குச் சீஸ்! நான் காதில் விழாதவன் போல நின்றேன். அவன் எழுந்து அடுத்த மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

அந்த அமளியில் இவானோ கையை அசைத்த மாதிரி இருந்தது. கை அசைத்தால் பில் என்றுதானே நினைப்பேன். எத்தனை மேசையை ஒரு ஆள் பார்ப்பது? வேலைக்கு இன்னொரு ஆள் போடு என்று எத்தனை முறை சொன்னேன்!

ஒரு பில்லுக்கு இவ்வளவா? அந்த ஆளுக்கு ரோஷம் அதிகம் என்றால் அதற்கு நானா பொறுப்பு? உன் வீட்டுக்காரனை விரட்டிவிட்டதுபோல ஊர் கேட்கக் கத்தினாய். கரண்டியை என்மேல் எறிந்தாய். இன்னும் தோள் வலிக்கிறது.

இங்கே வேலை கேவலமாக இருக்கிறது. டோஸ்காவின் முதலாளி பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் கப்புச்சினோ கொடு என்கிறார், சீஸ் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடு என்கிறார். நானும் கொடுக்கிறேன். திருப்திதானே உனக்கு?

மொரேனோ


லிவோர்னோ
23 மே

மொரேனோ,

கரண்டி உன் தோளில் படவே இல்லை, சுவரில் பட்டது. தோள் வலிக்கிறதாம்!

ஒரு பில்லுக்கு இவ்வளவா என்று என்னிடமா கேட்கிறாய்? வாசல் பக்கச் சுவரில் கப்பல்காரர்களுக்காக ஒரு பலகை எழுதி மாட்டினாயே, இப்போது அதற்குக் கீழே நின்றுதான் எழுதுகிறேன். மூன்று மொழியில், உன் அழகான கையெழுத்தில். "பில் ஏன் இன்னும் வரவில்லை? ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளி கேட்காமல் பில் வைத்தால், எழுந்து போ என்று சொன்னதாக அர்த்தம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள்." இதை எழுதிய ஆள் நீ. போன வருஷம் வந்த புது வேலைக்காரன் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்களுக்குக் கேட்காமல் பில் வைத்தபோது, "அவங்க வீட்டுக்கே போயி வெளிய போன்னு சொல்லுவியாடா?" என்று அவனை அன்றைக்கே அனுப்பியதும் நீதான்.

அதோடு இன்னொன்று. காபிக்கு முன்னால் பில் எந்த ஊரில் வரும்? இரண்டாம் தட்டே முடியாமல்? கப்பல்காரி செய்தால் தெரியாமல் செய்தாள் என்பேன். இருபத்தெட்டு வருஷம் தட்டு தூக்கிய நீ கை அசைத்த மாதிரி இருந்தது என்கிறாய். அவர் தட்டில் மிச்சமிருந்த குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்து மேசை நேலா சொல்கிறாள். அது கை அசைப்பதா?

நான் பியோம்பினோவுக்குப் போன் செய்தேன். பட்டறையில் அவரே எடுத்தார். "என்ன ஆச்சு, ஏன் போயிட்டீங்க?" என்றேன். "பதில் கெடச்சிருச்சு லோரியானா. நன்றி" என்று வைத்துவிட்டார். நன்றியாம்! கோபம் வந்தால் லிவோர்னோக்காரன் பாத்திரத்தை உருட்டுவான், அம்மாவை இழுத்துத் திட்டுவான். இந்த மனுஷர் நன்றி சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவர் மேலும்தான், உன்மேல் அதைவிடவும்.

மறுபடி கேட்கிறேன். கேட்டாரா, இல்லையா? இந்தத் தடவை கப்பல் கதை எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

லோரியானா


வியரெஜ்ஜோ
28 மே

அக்கா,

இல்லை. கேட்கவில்லை. ஒரே வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இவானோ உன்னைக் கேட்டபோது நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன், கையில் இரண்டு தண்ணீர்ப் புட்டியோடு. நீ திரும்பிப் பார்க்கவில்லை. "பியோம்பினோவுல வீடு பெருசு. அடுக்களையில வெயில் வரும். நீ வந்து பாரு" என்றார். நீ சிரித்தாய். இருபத்தெட்டு வருஷத்தில் கடைக்குள் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா?

அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு. கப்பலில் வேலை கிடைத்திருந்தது, ஜெனோவாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "நான் சமைக்கிறேன், நீ பரிமாறு, ரெண்டு பேரும் சேந்தா கடை நிக்கும்" என்று சொன்னது யார்? நின்றேன். கால் வீங்கியும் நின்றேன். உன் சமையலை எவனாவது குறை சொன்னால் அவன் மேல் பாய்ந்தேன். இன்றைக்கு எவனோ வந்து வெயில் வருகிறது என்றால் நீ கிளம்பிவிடுவாய். என்னிடம் ஒரு வார்த்தை? தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதா உனக்கு? காபி போட்டுக்கொண்டு போய் அவரிடம் சொல்வாயாம். நான் அந்தக் காலிக் கோப்பையை எடுத்துக் கழுவிவைக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

நீ இல்லாவிட்டால் அது கடையா? நாற்பத்தாறு வயசில் நான் எங்கே போவேன்? உன் கச்சுக்கோ இல்லாமல் அந்த மேசைகளுக்கு நான் எதைக் கொண்டுபோய் வைப்பேன்? அந்த ஆள் எழுந்து போகட்டும் என்றுதான் வைத்தேன். போனார். அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகிறவரை நம்பியா போகப் பார்த்தாய்?

மன்னிப்பெல்லாம் எழுத மாட்டேன். எனக்கும் கோபம் இருக்கிறது.

மொரேனோ


லிவோர்னோ
1 ஜூன்

முட்டாளே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கிழிக்கப் போனேன். இரண்டாவது தடவை, தண்ணீர்ப் புட்டியோடு நீ பின்னால் நின்றாய் என்ற இடத்தில் அழுகை வந்தது. மூன்றாவது தடவை மறுபடி கோபம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை.

காபியோடு நான் என்ன சொல்லப் போனேன் என்று உனக்குத் தெரியுமா? கேட்டாயா? தலையை வாரும்போது கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேனே! "கட்டிக்கிறேன். ஆனா பியோம்பினோவுக்கு வர மாட்டேன். நீங்க இங்க வாங்க. மாடி ரூம் காலியா இருக்கு. கடையையும் என் தம்பியையும் விட்டுட்டு என்னால வர முடியாது." இதுதான். இந்த நாலு வரிதான். அவர் ஒத்துக்கொண்டிருப்பார். ரயிலேறி வருவதற்கு அலுக்காத மனுஷர், பெட்டியோடு வர அலுப்பாரா?

உனக்காக நான் சொல்லப் போன வார்த்தையை நீயே வெட்டினாய். என் கையெழுத்திலேயே அவருக்குப் பதில் அனுப்பினாய். என்னைக் கொண்டே என்னை வேண்டாம் என்று சொல்ல வைத்தாய். எதிரிகூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய மாட்டான்.

உன்னிடம் சொல்லவில்லை என்கிறாய். அவர் கேட்டது மதியம் ஒரு மணிக்கு. ஒரு மணிக்குக் கேட்டதை எப்போது உன்னிடம் சொல்லியிருக்க முடியும், முந்தின நாளேவா? பில்லை வைத்த அவசரத்தில் பாதி என்னிடம் கேட்பதில் காட்டியிருந்தால் போதுமே. ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, போயிருவியா?" என்று கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

இனி நீ செய்ய வேண்டியது: பியோம்பினோவுக்குப் போ. கடிதம் போடாதே, போன் செய்யாதே, நேரில் போ. அவர் முகத்தைப் பார்த்து, அவர் கேட்கவில்லை, அக்கா அனுப்பவில்லை, நான்தான் வைத்தேன் என்று சொல். அவர் அறைந்தால் வாங்கிக்கொள். அதுவரை எனக்கு எழுதாதே.

லோரியானா


பியோம்பினோ, ரயில் நிலையம்
6 ஜூன்

அக்கா,

போய்விட்டு வந்தேன். ரயிலுக்கு நேரம் இருக்கிறது, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பட்டறையில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் துணியில் கையைத் துடைத்தார், கை மட்டும் கொடுக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். நீங்கள் பில் கேட்கவில்லை, அக்காவுக்குத் தெரியாது, நான்தான் ஜன்னலில் போய்ப் பொய் சொல்லி வாங்கி வந்தேன் என்றேன். அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை.

"ஏன்டா?" என்றார்.

"அவளக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட வந்து, எங்கக்காவ உடுய்யான்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுருப்பேன்?"

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பில்லை எடுத்தார், அக்கா. அவர் அதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். எண்ணெய்க் கறை பட்டு மடிப்பெல்லாம் கறுத்துப் போயிருந்தது. "இத பாரு. அவ கையெழுத்து. கீழ நன்றின்னு வேற எழுதியிருக்கா" என்றார். எல்லாப் பில்லிலும் அவள் நன்றி எழுதுவாள், அது வழக்கம் என்றேன். "எனக்கும் அதேதானா? எல்லா மேசைக்கும் எழுதுற மாதிரி எனக்கும் எழுதினா, அதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றார்.

அதற்கப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. என்மேல் இல்லை, உன்மேல். "நீ திருட்டுப்பய, உன்ன விடு. அவகிட்ட ஒருத்தன் வாழ்க்கையவே கேட்டுட்டு உக்காந்திருக்கான். நாலாம் மேசைக்குப் பில்லுன்னு நீ சொன்னா, ஒரு தடவ ஜன்னல் வழியா எட்டிப் பாக்க மாட்டாளா? நாலாம் மேசையில யாருன்னு அவளுக்குத் தெரியாதா? எட்டிப் பாத்திருந்தா நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறது தெரிஞ்சிருக்கும். பாக்கல. அவளுக்கு மீன் குழம்புதான் பெருசு" என்றார்.

எட்டுப் பேர் காத்திருந்தார்கள் என்றேன். "நான் ரெண்டு வருஷமா காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அக்கா. இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் திரும்பி வரட்டுமா? வியரெஜ்ஜோவில் அந்தக் கப்புச்சினோ வேலை எனக்கு வேண்டாம். என்னைத் திட்டு, அடி, ஆனால் கூப்பிடு.

மொரேனோ


லிவோர்னோ
14 ஜூன்

மொரேனோ,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினேன். வாசலில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள், "ஏன் லோரியானா, யாரு செத்தா?" என்று கேட்டார்கள். இன்னும் யாரும் சாகவில்லை, சாகடிக்கத்தான் போகிறேன் என்றேன்.

பட்டறை வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டேன். "கேக்காத பில்லு வந்தா கத்தணும்! ஜன்னலுக்கு வந்து, என்னடி இதுன்னு என் மூஞ்சியில விட்டெறியணும்! பணத்த வச்சிட்டு நல்ல பிள்ளையாட்டம் எந்திரிச்சுப் போவீங்களா?" என்றேன். அவரும் விடவில்லை. "எட்டிப் பாக்காம எழுதுவியா நீ?" என்று ஆரம்பித்தார். வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவு சத்தமாகப் பேசத் தெரிந்த மனுஷர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் மனசு லேசானது. கத்தத் தெரியாதவரோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. தொண்டை கட்டியபிறகு கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நான் அழுதேன், அவரும் அழுதார். பட்டறைக்காரர்கள் கை தட்டினார்கள், மானம் போயிற்று.

அவரே கேட்டார், லிவோர்னோவுக்கு வரட்டுமா, மாடி அறை காலிதானே என்று. நான் மனசில் வைத்திருந்ததையே அவர் சொன்னார். நான்தான் வேண்டாம், நானே பியோம்பினோவுக்கு வந்துவிடுகிறேன் என்றேன். இந்த முடிவு என்னுடையது, அவர் தலையில் இதைக் கட்டாதே.

ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று ரயிலில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கச்சுக்கோ காரணமில்லை. ஜன்னலில் நின்று சொன்னது நீ என்பதால்தான் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் நீ சொன்ன மேசைக்கு எழுதினேன், நீ சொன்ன தட்டை நிரப்பினேன், ஒருநாளும் தலையை நீட்டிச் சரிபார்த்ததில்லை. வெளியே என் கண் நீதான் என்று இருந்தேன். இனி நீ வந்து ஜன்னலில் நின்றால் நான் எட்டிப் பார்ப்பேன், மொரேனோ. ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு என்னால் சமைக்க முடியாது. நீ திருந்திவிட்டாய் என்றுகூட எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ கூப்பிடு என்று எழுதியிருந்தாய். வா, கடை உன்னுடையது. சாவி ரொட்டிக்கடை நெடோவிடம் இருக்கிறது. நேலாவின் மருமகள் நன்றாக மீன் சமைப்பாள், கேட்டுப் பார். கச்சுக்கோவுக்கு எலும்பு மீனை முதலில் போடச் சொல், வெள்ளை மீனைக் கடைசியில். முதல் மாசம் கூட்டம் குறையும். என்னைத் தேடி வருகிறவர்கள் எங்கே அக்கா என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் என்று நீயே யோசித்து வை. அதையும் மூன்று மொழியில் எழுதி மாட்டிவிடாதே.

செப்டம்பர் முதல் ஞாயிறு பியோம்பினோவில் கல்யாணச் சாப்பாடு. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அன்றைக்கும் தீர்ந்திருக்காது. இருந்தாலும் வா. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உனக்கு வைத்ததைச் சாப்பிடு. எழுந்து போய் ஒரே ஒரு தட்டைத் தூக்கினாலும் எல்லார் முன்னாலும் அறைவேன்.

லோரியானா